மாடியில் சிவப்பு லெட்யூஸ்: இரண்டு முறை தோற்றதும் பிறகு விளைந்ததும்

கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பல ஆண்டுகளாக முளைக்கீரையும் அரைக்கீரையும் வளர்த்த துணிச்சலில், சாலட்டில் பச்சையாகத் தின்னும் இலைச்செடியான சிவப்பு லெட்யூஸையும் இன்னொரு கீரை என்றே நினைத்து விதைத்தேன். புரட்டாசியில், கீரை விதையைத் தூவுவது போல மணலோடு கலந்து தூவி, மேலே அரை அங்குல மண் போட்டு மூடினேன். ஒன்றும் முளைக்கவில்லை. விதை பழையதாக இருக்கும் என்று புதிய பொட்டலம் வாங்கி மீண்டும் விதைத்தேன்; ஏழெட்டு நாற்றுகள் மட்டும் தலைகாட்டி, அவையும் வெயிலில் துவண்டு போயின.

தவறு விதையில் இல்லை என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. ஒரு கிராமில் 800 முதல் 1,000 வரை இருக்கும் அந்தப் பொடி விதைகளில் பல ரகங்களுக்கு, முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, செடிகள் ஒளியை உணரும் விதத்தை ஆராய எடுத்துக்கொண்டதே லெட்யூஸ் விதையைத்தான். சிவப்பு ஒளி பட்டால் அது முளைக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். நானோ அதை இருட்டில் புதைத்திருந்தேன். போதாததற்கு, மண்ணின் வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் இந்த விதை உறக்கத்துக்குப் போய்விடும்; புரட்டாசி வெயிலில் நான் விதைத்த கருநிறச் செடிப் பைக்குள் இருக்கும் மண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது முறை, ஐப்பசிக் கடைசியில், ஈரத்துணியில் விதைகளை மடித்து ஒரு டப்பாவில் போட்டு மூன்று நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பிறகு தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் நிரப்பிய குழித்தட்டில், விதையை மேலாக வைத்து விரலால் அழுத்தியதோடு சரி, மூடவில்லை. நான்காம் நாள் முளை தெரிந்தது. மூன்று வாரத்தில் நான்கைந்து இலை வந்ததும், செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட்டு அகலமான தொட்டிகளில் நட்டேன். வேர் ஆழமாகப் போகாது என்பதால் முக்கால் அடி ஆழத் தொட்டியே போதும். ஆனால் மேல்மண் காயவே கூடாது.

அடுத்த ஏமாற்றம் நிறத்தில் வந்தது. முன்பு பட்ட அச்சத்தில் நாள் முழுவதும் நிழல்வலையின் கீழே வைத்திருந்தேன். செடிகள் செழித்தன, ஆனால் பச்சையாகவே செழித்தன. சுருள் இலைகளின் ஓரத்தில் மட்டும் மங்கலாக ஒரு செம்மை. இலையைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி நல்ல வெளிச்சத்திலும் குளிர்ந்த இரவிலும்தான் கூடுகிறது. காலை வெயில் நான்கு மணி நேரம் படும்படி கிழக்குப் பக்கமாக நகர்த்தி, பதினோரு மணிக்கு மேல் மட்டும் வலையை இழுத்துவிட்டேன். மார்கழிப் பனியும் சேர்ந்துகொள்ள, பத்து நாளில் இலைகள் நாவல் பழச் சாறு பட்டது போல ஆயின. நிழல்வலை கட்டாயம் என்று பலரும் சொல்கிறார்கள். முழு நாளும் வேண்டும் என்பதில் எனக்கு இப்போது உடன்பாடு இல்லை.

மழை ஓய்ந்த இரவுகளில் வந்த நத்தைகளை டார்ச் அடித்துக் கையால் பொறுக்கினேன். இலைச் சுருள்களுக்குள் ஒளிந்த அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் அடித்தால் பச்சையாகத் தின்னும் இலையில் வாடை தங்கிவிடும் என்பதால், தண்ணீரைப் பீய்ச்சியே விரட்டினேன்.

அறுவடையிலும் கீரைப் பழக்கம் உதவாது. முளைக்கீரையைப் போல வேரோடு பிடுங்காமல், நடுக்குருத்தை விட்டு, வெளிச்சுற்றில் நான்கைந்து இலைகளை மட்டும் விடியற்காலையில் கிள்ளினேன். வெயில் ஏறிய பின் பறித்தால் இலை தொய்ந்துவிடும். வாரம் ஒருமுறை என்று ஆறு வாரம் பறித்தேன். முதல் பறிப்பை அம்மா வழக்கம்போலப் பொரியல் செய்தார். ஒரு கூடை இலை ஒரு கரண்டியாகச் சுருங்கி, நிறமெல்லாம் தண்ணீரோடு போனது. “இதுக்காடா இத்தனை பாடு?” என்று கேட்டார். அடுத்த முறை வெள்ளரியோடு பச்சையாக நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தோம். புளிப்புப் பட்டதும் சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆனதை அவரே முதலில் கவனித்தார்.

மாசி நடுவில் வெயில் உறைத்ததும் செடியின் நடுத்தண்டு நீளத் தொடங்கியது. அந்த இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடியும், வாயில் வைக்க முடியாத கசப்பு. பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் இதன் அறிவியல் பெயரில் உள்ள ‘லாக்டூகா’ வந்தது. மற்றவற்றைப் பிடுங்கி உரக்குழியில் போட்டுவிட்டு, கடைசியாகத் தண்டு விட்ட இரண்டு செடிகளை மட்டும் விதைக்காக நிறுத்தினேன். முந்தித் தண்டு விட்டதன் விதையை எடுத்தால் அடுத்த தலைமுறையும் அவசரப்படும் அல்லவா? சிறிய மஞ்சள் பூக்கள் காலையில் விரிந்து உச்சிவேளைக்குள் மூடின. மூன்று வாரத்தில், வெட்டுக்காயப் பூண்டின் விதையைப் போலக் குஞ்சம் கட்டிய விதைகள் காற்றில் பறக்கத் தயாராக நின்றன. பறப்பதற்குள் காகிதப் பைக்குள் உதிர்த்து எடுத்து, நன்றாக உலர்த்தி, குளிர்சாதனப் பெட்டியின் முட்டைத் தட்டில் ஒரு புட்டியில் வைத்திருக்கிறேன். புட்டியின் மேல் அம்மா தன் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறார்: “ஐப்பசிக்கு முன் எடுக்காதே.”