இந்தக் குத்துவாள் பாரசீகத்தைச் சேர்ந்ததா, இந்தியாவைச் சேர்ந்ததா?

கேள்வி:
வணக்கம். என் பெரியப்பாவின் சேகரிப்பிலிருந்து எனக்கு வந்த குத்துவாள் ஒன்றை வகைப்படுத்த உதவி வேண்டும். மொத்த நீளம் 38 செ.மீ. இருபுறமும் கூருள்ள அலகு மெல்ல இருமுறை வளைந்து, நடுவே ஒரு முகடு ஓட, முனையருகில் தடித்திருக்கிறது. வெளிர்பச்சை ஜேட் கல்லாலான பிடியின் அடி ஒருபக்கமாகச் சாய்ந்து, கைத்துப்பாக்கியின் பிடி போல் முடிகிறது. அதில் இலைகளும் ஒரு மலரும் செதுக்கப்பட்டுள்ளன. அலகின் அடியில் தங்க வேலைப்பாட்டுக்கு நடுவே பாரசீக எழுத்தில் ஒரு வரி உள்ளது. அந்த எழுத்தைக் காட்டியே, பழம்பொருள் வணிகர் ஒருவர் இதை 17ஆம் நூற்றாண்டு ஈரானியப் படைப்பு என்கிறார். அதை ஏற்கலாமா?

மறுமொழி 1:
எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். முகலாய அரசவையிலும் தக்காணச் சுல்தானியங்களிலும் பாரசீகமே ஆட்சிமொழியாகப் புழங்கியதால், இந்தியாவில் செய்த ஆயுதத்திலும் பாரசீக வரி இருப்பது இயல்பே.

பிடியைப் பாருங்கள். காஜார் மன்னர்கள் ஆண்ட காலத்து ஈரானியக் கன்ஜர்களின், அதாவது இருபுறமும் கூருள்ள வளைந்த குத்துவாள்களின், பிடி பெரும்பாலும் இடை சிறுத்து, இரு முனைகளும் அகன்று, இருபுறமும் ஒத்த அமைப்புடன் இருக்கும். கடற்சிங்கத்தை ஒத்த வால்ரஸ் விலங்கின் தந்தத்தில் மனித உருவங்களைச் செதுக்கியவை அவற்றில் பல. ஒருபக்கம் சாயும் கற்பிடியோ முகலாய மரபுக்கு உரியது; குதிரைத் தலை, ஆட்டுக்கிடாய்த் தலை கொண்ட பிடிகளும் அதே மரபில் வந்தவையே. கார்த் என்பது ஒருபுறம் மட்டும் கூருள்ள நேரான கத்தி. பேஷ்கப்ஸ் என்னும் கத்தியின் முதுகு குறுக்குவெட்டில் ஆங்கில T எழுத்தை ஒத்துத் தடித்திருக்கும். உங்களுடையது இவ்விரண்டுமல்ல, முகலாய வகைக் கன்ஜர் என்றே கொள்ளலாம்.

மறுமொழி 2:
மேலே சொன்னது பிடிக்குப் பொருந்தும். அலகைத் தனியாக ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இந்தியக் கற்பிடிகளில் அலகின் வால்பகுதியைத் துளையில் செருகி, அரக்கை உருக்கி ஊற்றி நிலைநிறுத்துவார்கள். சூடேற்றினால் அரக்கு இளகிவிடும் என்பதால், ஒரே பிடிக்குப் பல தலைமுறைகளில் வெவ்வேறு அலகுகள் பொருத்தப்பட்டதுண்டு. அலகில் நீரலை போன்ற வரிகள் இருந்தாலும் அவை ஊரைச் சொல்லிவிடா, ஏனெனில் தென்னிந்தியாவில் உருக்கிய வூட்ஸ் எஃகுக் கட்டிகள் ஈரானுக்கு ஏற்றுமதியாகி, அங்கும் அலகுகளாயின.

தங்க வேலையை உருப்பெருக்கியில் பாருங்கள். எஃகில் ஆழக் குடைந்து தங்கத்தைப் பதித்திருந்தால் அது தஹ்நிஷான். மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளால் சொரசொரப்பாக்கி, அதன்மேல் தங்கக் கம்பியை வைத்து அடித்திருந்தால் அது கோஃப்த்காரி. தங்கம் தேய்ந்த இடத்தில் அந்தக் கோடுகள் வெளியே தெரியும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு மலரிதழ்களில் தங்கம் தேய்ந்து, வலைபோல் நெருங்கிய கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. அலகும் பிடியும் சேரும் இடத்தில் கரும்பழுப்பான அரக்கு சிறிது பிதுங்கியுள்ளது. அமிலம் தடவி எஃகின் வரிகளை வெளிக்கொணரலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து வேண்டாம். அமிலம் எஃகை அரிப்பதோடு, கோஃப்த்காரித் தங்கத்தின் பிடிமானத்தையும் குலைத்துவிடும். அந்தத் தங்கம் மிக மெல்லியது, மெருகுத் துணியால் தேய்த்தாலே உதிரும்.

கோஃப்த்காரி முன்பும் இருந்ததுதான் என்றாலும், 19ஆம் நூற்றாண்டில் பஞ்சாபின் சியால்கோட்டிலும், அதே பஞ்சாபில் உள்ள குஜராத் என்னும் ஊரிலும் அது பெருமளவில் நடந்தது. பழைய அலகுகளின் மேல் புதிதாகத் தங்க வேலை செய்ததும் உண்டு. ஆகவே தங்கம் அலகின் வயதுக்குச் சான்றாகாது. வணிகர் சொன்ன நூற்றாண்டுக்கு இதுவரை நீங்கள் சொன்ன எதுவும் ஆதாரமாக இல்லை. "முகலாய வகைக் கன்ஜர், இந்தியா, பிடியும் அலகும் வெவ்வேறு காலத்தவையாக இருக்கலாம்" என்று பதிவேட்டில் எழுதுவதே நேர்மையானது.

பிடி உண்மையான நெஃப்ரைட்தானா (ஜேட் கல்லின் ஒரு வகை) என்பதை உறுதிசெய்ய, அதைக் கீறிப் பார்க்காமல் இரத்தினக்கல் ஆய்வகத்தில் ஒளிவிலகல் எண்ணை அளக்கச் சொல்லுங்கள். நெஃப்ரைட்டுக்கு 1.61 அளவில் வரும். அதைப்போலவே தோன்றும் மென்மையான பாம்புக்கல் (செர்பென்டைன்) வகைக்கு 1.56 அளவில்தான் வரும்.