அத்திப்பள்ளிக் கடையில் கேபர்னே அலமாரி: பெயருக்கா, விற்பனைக்கா?

எல்லைக்கடைக்காரன்:
வீடு ஓசூரில், கடை அத்திப்பள்ளியில். நம் பக்கம் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருப்பதால், கர்நாடகத்தில் மைத்துனருடன் கூட்டாக உரிமம் எடுத்தேன். ஊரே ‘ஒயின் ஷாப்’ என்கிறது. உள்ளே ஒயின் இருப்பது என்னவோ ஒரு மூலையில்தான். அந்த மூலையை உயர்தர கேபர்னே சாவின்யான் (சிவப்பு ஒயினுக்கான ஒரு திராட்சை வகை) அலமாரியாக்க ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். பிரான்சின் போர்தோவும் கலிபோர்னியாவின் நாபாவும் போதும் என்கிறார் மைத்துனர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

தொப்பூர்_கணவாய்:
மைத்துனர் சொல்வதைக் கேளுங்கள். 1976-ல் பாரிசில் பெயரை மறைத்து ஒரு ருசிப் போட்டி நடந்தது. பிரெஞ்சு நடுவர்களே நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973 கேபர்னேயைப் போர்தோவின் பெரிய தலைகளுக்கு மேலே வைத்துவிட்டார்கள். அந்தக் கதையே பாதி பாட்டிலை விற்றுவிடும். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வருகிறவர் கதைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார்.

ராயக்கோட்டையான்:
கதை நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. ஆனால் போர்தோ பாட்டிலில் பெரும்பாலும் கேபர்னே என்ற சொல்லே இருக்காது. பண்ணையின் பெயரும் ஊரின் பெயரும்தான். உள்ளே மெர்லோ என்ற வேறு திராட்சையும் கலந்திருக்கும். கேபர்னே கேட்டு வந்தவருக்குக் கல்லாவில் நின்று மைத்துனர் பாடமா எடுப்பார்?

வரிக் கணக்கையும் பாருங்கள். 2022 டிசம்பர் 29-ல் இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இறக்குமதி விலை 15 டாலருக்கு மேல் உள்ள பாட்டிலுக்கு 150 சதவீதமாக இருந்த சுங்க வரி ஒரே அடியாக 75 ஆனது. பத்தாண்டில் 25-க்கு இறங்க வேண்டும். 5 முதல் 15 டாலர் வரையுள்ள சரக்குக்கு 100-க்குத்தான் இறங்கியது. அதாவது சலுகை அதிகம் கிடைப்பது உயர்ந்த சரக்குக்கே. தெற்கு ஆஸ்திரேலியாவின் கூனவாரா கேபர்னே வாங்குங்கள். மேலே செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். அந்த மண்ணின் ஒயினில் லேசாகத் தைலமர வாசம் வரும். நம் ஊர்க்காரருக்கு அதை விளக்கவே வேண்டாம்.

தொப்பூர்_கணவாய்:
ஆஸ்திரேலியா என்றால் திருகு மூடிதானே? ஐயாயிரம் ரூபாய் பாட்டிலைச் சோடா திறப்பதுபோல் திறக்கச் சொல்கிறீர்களா? பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர் தக்கையைத்தான் தேடுவார்.

ராயக்கோட்டையான்:
தக்கையா? போன ஏப்ரலில் ஒரு கடையில் பார்த்தேன். கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், விளக்குக்கு நேர் கீழே, விலை உயர்ந்த பாட்டில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. தக்கை அரை நகம் மேலேறி மேலுறையை முட்டியிருந்தது. கழுத்தில் கருஞ்சிவப்பாய் ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. தள்ளுபடியில் கொடுத்தார்கள், வாங்கினேன். திறந்தால் வேகவைத்த உலர்திராட்சை வாசம். இந்தச் சரக்கு கேட்பது 13 டிகிரி சுமார். தக்கை காயாமல் இருக்கப் படுக்கவைக்க வேண்டும். முதலில் குளிர்பெட்டி, மீதியில் சரக்கு.

மாங்கனி_நகர்:
இருவரும் பக்கத்து ஊரை மறந்துவிட்டீர்கள். நந்தி மலைப் பக்கத்து கிரோவர் ஜாம்பா நிறுவனத்தின் லா ரிசர்வ் ஒயின் இருக்கிறது (கேபர்னேயும் ஷிராஸ் திராட்சையும் கலந்தது). ஹம்பிப் பக்கம் கிரஸ்மா, நாசிக்கில் சூலாவின் ராசா. சுங்கமே கிடையாது.

நான் ஓசூரில் பசுமைக்குடிலில் குடைமிளகாய் போடுகிறேன். சரியாகப் பழுக்காத கேபர்னேயை முகர்ந்தால், காய் பறிக்கும்போது கையில் ஒட்டுகிற அதே பச்சை வாசம் வரும். இரண்டிலும் இருப்பது பைரசின் என்ற வாசப்பொருள். பெட்டி கணக்கில் வாங்கும் முன் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் திறந்து முகர்ந்து பாருங்கள். வெளிநாட்டுச் சரக்காக இருந்தாலும் விதிவிலக்கு வேண்டாம்.

தொப்பூர்_கணவாய்:
அந்த வாசம் துளியும் இல்லாவிட்டால் அது கேபர்னேயே இல்லை, நண்பரே. 1997-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் மரபணுவைப் பார்த்து, இதன் பெற்றோர் கேபர்னே பிராங்க், சாவின்யான் பிளாங் என்ற இரண்டு திராட்சைகள் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டுக்குமே அந்தப் பச்சை வாசம் உண்டு. பிள்ளையிடம் மட்டும் இருக்கக் கூடாதா? அளவோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்பெட்டி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். நாபாவை விட்டுத் தர மாட்டேன்.

மாங்கனி_நகர்:
இன்னொன்று. ஓசூர்க்காரரை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பாட்டிலோடு எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியவர் அவர். உங்கள் வாடிக்கையாளர் சந்தாபுராவிலும் அதற்கு வடக்கிலும்தான் இருக்கிறார்.

எல்லைக்கடைக்காரன்:
மைத்துனரிடம் பேசினேன். குளிர்பெட்டிக்கு நாற்பதாயிரம். பிறகு லா ரிசர்வ் இரண்டு பெட்டி, கூனவாரா ஒரு பெட்டி. நாபாவில் நான்கே பாட்டில், அதுவும் அவர் பங்கிலிருந்து. ஆறு மாதத்தில் போகாவிட்டால் அவர் வீட்டு விசேஷத்தில் திறப்பதாகப் பேச்சு. போர்தோ இப்போதைக்கு இல்லை. இங்கே மதியம் மின்சாரம் அடிக்கடி போகிறது. மூடிய குளிர்பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்? வைத்திருக்கிறவர்கள் சொல்லுங்கள்.