சருகுப் பையில் பொட்டாசியம் காணோம், கால்சியம் ஏறுது. தப்பு எங்கே?

அம்பை மாணவன்:
கக்காச்சி மலைக்காட்டில் வனத்துறை அனுமதியோடு, வெடிப்பலா மரத்தின் சருகு எப்படி மக்குகிறது என்று பார்க்க நைலான் வலைப்பையில் வைத்திருக்கிறோம். பைக்கு 10 கிராம், வலைக்கண் 1 மி.மீ. முதல் மாதமே பொட்டாசியம் பெரும்பகுதி போய்விட்டது, எடை கொஞ்சம்தான் குறைந்தது. மூன்றாம் மாதம் கால்சியம், நைட்ரஜன் சதவீதம் ஏறியிருக்கிறது. ஆய்வகத் தவறா அண்ணாச்சி?

பாபநாசத்தான்:
தவறே இல்லை தம்பி. பொட்டாசியம் இலைச்சாற்றில் கரைந்து கிடப்பது, எதோடும் ஒட்டியதில்லை. மழை நனைத்தாலே வடிந்துவிடும். கால்சியம் செல்சுவரில் பிணைந்தது, சுவர் மக்கினால்தான் வெளியே வரும். மற்றதெல்லாம் முந்திப் போவதால் அதன் சதவீதம் கூடும்.

சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். மிச்ச எடையால் பெருக்கி மில்லிகிராமாக்குங்கள். உதாரணத்துக்கு, 10 கிராமில் 1.2% நைட்ரஜன் என்றால் 120 மி.கி. மூன்றாம் மாதம் 7 கிராமில் 1.9% என்றால் 133. கூடுதல் 13 மி.கி. பெரும்பாலும் பூஞ்சை இழை வெளியிலிருந்து இழுத்து வந்தது. உதிர்க்கும் முன்பே மரம் நைட்ரஜனில் பாதியளவு திரும்ப உறிஞ்சிவிடுகிறது, அதனால் சருகில் பூஞ்சைக்குப் போதாது. இந்த ஏற்றம் இருக்கும்வரை அந்தச் சருகு மரத்துக்கு நைட்ரஜன் தராது.

மணிமுத்தாறு:
1 மி.மீ. கண்ணில் பெரிய கரையானும் மரவட்டையும் நுழையாது, சிதைவு மெதுவாகத் தெரியும். மேல்பக்கம் 5 மி.மீ., அடிப்பக்கம் 1 மி.மீ. வைத்தால் தூளும் சிந்தாது. தொடக்கச் சருகை அடுப்பில் வைக்காமல் காற்றில் உலர்த்துங்கள். ஐந்து மாதிரியைத் தனியே 65 டிகிரியில் 48 மணி நேரம் காயவைத்து ஈரக்கணக்கை எடுங்கள். திரும்ப எடுத்த பையில் மண் ஒட்டியிருக்கும். 1 கிராமை 500 டிகிரியில் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் விகிதத்தை மொத்த எடைக்கும் கணக்கிட்டுக் கழிக்காவிட்டால் கணக்கு கெட்டுவிடும். தொடக்கச் சருகுக்கும் இதேபோல் கழியுங்கள்.

பாபநாசத்தான்:
பையைத் தூக்கும்போது பிய்த்து இழுக்கிற மாதிரி இருந்ததா? செம்பு நிறம் மின்னும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நரம்போரம் நூல் போன்ற வேர்கள் ஏறியிருக்கும். அவற்றை இடுக்கியால் எடுத்துவிட்டு எடை போடுங்கள். இந்த அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். மண்ணுக்குப் போகும் முன்பே சருகிலிருந்து அதை வாங்குவது இந்த வேரும் அதோடு வாழும் பூஞ்சையும்தான். மரத்தை வெட்டினால் அறுந்துபோவது இந்த இணைப்புதான். அதனால் வேரை வீசாமல் தனி உறையில் போட்டு, அதன் பாஸ்பரஸையும் பாருங்கள்.

அம்பை மாணவன்:
ஆமா அண்ணாச்சி, வேர் ஒட்டித்தான் வந்தது. எடையோடு சேர்த்துப் போட்டுவிட்டோம். மீதிப் பைகளில் பிரித்துவிடுகிறோம்.