புதுப்பிப்பு: தலைவலியை மறைத்தவர்

எவரெஸ்ட் அடிவார முகாமுக்கு நான் அழைத்துப்போகும் குழுவில் ஒருவர் தலைவலியை மறைக்கிறார் என்று எழுதியிருந்தேன். மிச்சக் கதை இது.

வழியிலுள்ள டிங்போச்சே கிராமத்தில், 4,410 மீட்டர் உயரத்தில், இரவுச் சாப்பாட்டின்போது கரண்டியைப் பிடித்தபடி சூப்பையே வெறித்துக்கொண்டிருந்தார். வெளியே கூட்டிப்போய், ஒரு காலின் குதிகால் மறுகாலின் விரலைத் தொடும்படி நேர்கோட்டில் நடக்கச் சொன்னேன். மூன்றாவது அடியிலேயே சாய்ந்தார். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் மூளையில் நீர் கோக்கும் அறிகுறி அது. விடியும்வரை பொறுக்க முடியாது.

ஆக்சிஜனும், மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெத்தசோன் மருந்தும் கொடுத்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் கீழேயுள்ள பாங்போச்சே கிராமத்துக்கு இறக்கினோம். வழியெல்லாம் என்னைத் திட்டினார். (திட்டத் தெம்பிருந்ததே எனக்கு ஆறுதல்!) காலையில் ஹெலிகாப்டரில் காத்மாண்டு போனார். இப்போது நலம்.

மற்றவர்களை உதவி வழிகாட்டி மேலே அழைத்துப்போனார். அவர்களில் இருவர் கட்டணத்தில் கழிவு கேட்கிறார்கள். அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை.