மறு: கலைச்சொல் – ‘கோட் சுவிட்சிங்’: தாவலா, கலப்பா, கைமாற்றா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் இன்று காலைதான் ஒரே இருப்பில் வாசித்து முடித்தேன். ஒரே ஆள், ஒரே பேச்சுக்குள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பி வருவதற்கு, அதாவது ‘கோட் சுவிட்சிங்’கிற்கு, இதுவரை ஏழு சொற்கள் வந்திருக்கின்றன. எட்டாவதைப் போட்டுக் குழப்பவே எழுதுகிறேன். அதற்கு முன் அந்த ஏழு சொற்களையும் ஒருக்கால் பார்த்துவிடுவோம்.

> ‘மொழித்தாவல்’ சுருக்கம். உடனே விளங்கும். அதையே வைப்போம்.

விளங்கும், அதுதான் சிக்கல். தாவுவது குரங்கு, குரங்கை விட்டால் அரசியல்வாதி. ‘கட்சி தாவினார்’ என்று ஒருவரைப் புகழ்ந்து சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கொழும்புச் செட்டியார் தெருவில் நகைக்கடை முதலாளி வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் விலை சொல்கிறார், அடுத்த மூச்சில் பொடியனிடம் தமிழில் ‘அந்தத் தட்டை எடு’ என்கிறார், நடுவில் தொலைபேசி வந்தால் ஆங்கிலத்தில் ஒரு வசனம். அவர் எங்கும் தாவவில்லை. இருந்த கதிரையிலேயே இருக்கிறார்.

> ‘மொழிக்கலப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது, அதைக் ‘கோட் மிக்சிங்’ என்ற இன்னொரு கலைச்சொல்லுக்கு ஒதுக்கியும் விட்டோம். ஆனால் எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு சொந்தக் கோபமும் உண்டு. மகள் ஐந்தாம் ஆண்டில் படிக்கும்போது ‘எனது பஸ் பயணம்’ என்று கட்டுரை எழுதினாள். காலி வீதியில் ஓடும் 100ஆம் இலக்க பஸ்ஸில் கொண்டக்டர் ‘இஸ்ஸரஹட யன்ன’ என்று கத்தினார் என்று ஒரு வரி. ஆசிரியை அதைச் சிவப்புப் பேனையால் வெட்டி, ஓரத்தில் ‘கலப்புத் தமிழ்’ என்று எழுதியிருந்தார். கொண்டக்டர் சிங்களத்தில்தானே கத்தினார்? ‘முன்னே நகருங்கள்’ என்று அவர் தமிழில் சொன்னதாகப் பிள்ளை பொய்யா எழுத வேண்டும்? பாலில் தண்ணீர் கலப்பது, மிளகாய்த்தூளில் செங்கல் கலப்பது என்ற வரிசையில்தான் அந்த ஆசிரியையின் காதில் ‘கலப்பு’ விழுந்திருக்கிறது. மகள் அதற்குப் பிறகு ஒரு வருடம் கட்டுரையில் யாரையுமே பேச விடவில்லை. எல்லாரும் ‘கூறினார்கள்’.

மட்டக்களப்பு நண்பரின் ‘மொழிமாறாட்டம்’ கேட்க அழகு. ஆனால் எங்கள் பக்கத்தில் மாறாட்டம் என்பது வயதுபோன காலத்தில் ஆட்களை அடையாளம் தெரியாமல் போவது. என் அம்மம்மாவுக்கு இருந்தது. ஆள்மாறாட்டமோ நேரே பொலிசில் கொண்டுபோய் விடும்.

‘தடம்மாற்றம்’ பற்றி ஒன்றும் சொல்லத் தேவையில்லை. தடம் மாறின பிள்ளை என்றால் எந்த அர்த்தம் வரும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவதைச் சொல்ல எங்கள் கைக்கு உடனே வரும் சொற்களில் பாதி திட்டுகிற சொற்கள். தாவல், பிறழ்வு, புரட்டு, திரிபு. தமிழுக்கு இது பிறவிக்குணம் என்று நான் நினைக்கவில்லை. 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் ஒரு நூற்றாண்டாகத் தூய்மையைப் பேசி வந்திருக்கிறோம். இலங்கையில் அதற்கு மேல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956ஆம் ஆண்டுச் சட்டம், அடுத்த வருடமே வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’, அதற்கெதிரான போராட்டம். மொழியைக் கோட்டை கட்டிக் காக்க வேண்டி வந்த சமூகத்துக்கு வாசலால் போகிறவன் வருகிறவன் எல்லார்மேலும் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகம் சொல்லில் ஏறுகிறது, சொல் ஆசிரியையின் சிவப்புப் பேனையில் ஏறுகிறது. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டால் பாடப்புத்தகம் வழியாக அடுத்த தலைமுறைக்கும் அதே பேனையைக் கொடுத்துவிடுவோம்.

முன்பு இப்படி இல்லை. வடமொழியும் தமிழும் சேர்ந்த நடைக்கு ‘மணிப்பிரவாளம்’ என்று பெயர் வைத்தவர்கள் மாணிக்கத்தையும் பவளத்தையும் நினைத்து வைத்தார்கள். (அந்த நடை எனக்குப் பிடிக்காது. பெயர் பிடிக்கும்.) நன்னூலில் திசைச்சொல் தரும் நிலங்களுக்கு உரைகாரர் காட்டும் பழைய பட்டியல் ‘சிங்களம் சோனகம் சாவகம் சீனம்’ என்றுதான் தொடங்குகிறது. முதற்பெயரே சிங்களம். அதில் வசை எதுவும் இல்லை. இந்தத் திசையிலிருந்தும் சொல் வரும் என்ற கணக்கு மட்டும்தான்.

> அப்படியானால் நடுநிலையாக ‘மொழிமாற்றம்’?

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். பிறப்புச் சான்றிதழை மொழிமாற்றம் செய்துதான் சாப்பிடுகிறேன், ஆகவே என் வயிற்றில் அடிக்காதீர்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ஒரு சமூகமே தன் மொழியைப் படிப்படியாக விட்டு இன்னொன்றுக்குப் போவதற்கும் ஒரு சொல் வேண்டும். கொழும்பிலிருந்து வடக்கே நீர்கொழும்பு, சிலாபக் கரைக்குப் போனால் அது கண்முன்னே நடந்திருக்கிறது. தமிழ் பேசிய கத்தோலிக்க மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள் சிங்களத்தில் படித்தார்கள். வீட்டில் மிஞ்சியிருக்கும் அந்த நீர்கொழும்பு மீனவர் தமிழில் வினைமுற்றின் விகுதிகள்கூடக் கழன்றுவிட்டன என்று ஆய்வாளர்கள் பதிந்திருக்கிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் ‘நான்’ என்றாலும் ‘அவர்’ என்றாலும் ஒரே ‘யனவா’ (போதல்) வருவதைப்போல. ‘மொழிமாற்றம்’ என்ற சொல்லை அதற்கு வைத்திருப்போம். நகைக்கடைக்காரர் மாலையில் வீட்டுக்குப் போய்த் தமிழில்தான் சோறு கேட்கிறார்.

‘மொழிமாற்று’ என்று ஒரு ‘அம்’மைக் குறைத்துத் தந்த ஐயாவுக்கு: அது நன்னூலின் எட்டுப் பொருள்கோள்களில் (செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறைகளில்) ஒன்று. அங்கே மொழி என்றால் சொல். உயர்தரத்தில் தமிழ் எடுத்த பிள்ளைகள் எங்களை உரித்துவிடுவார்கள்.

மிச்சம் ‘குறிமாற்றம்’. சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லிலுள்ள ‘கோட்’ எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 1950களில் தகவற்கோட்பாடு பெரிய அலையாக வந்தபோது மொழியியலாளர்கள் பொறியியலாளரிடம் எடுத்துக்கொண்ட உருவகம் அது. மனிதனை ஏதோ தந்திக் கருவிபோல, ஆளியை அழுத்தினால் இந்தக் குறி நின்று அந்தக் குறி வரும் என்ற படம். அவர்களின் பழைய உருவகத்தை நாங்கள் 70 வருடம் பிந்திச் சுமக்க வேண்டுமா?

வசை அவர்களிடமும் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மொழியியலாளர் யூரியல் வைன்ரைக் 1953இல் எழுதிய புகழ்பெற்ற நூலிலேயே, இலட்சிய இருமொழியாளன் ஆளும் சூழலும் மாறினால்தான் மொழியை மாற்றுவான், ஒரு வாக்கியத்துக்குள் நிச்சயமாக மாற்றமாட்டான் என்ற கருத்து வருகிறது. 1980இல் ஷானா பொப்லாக், நியூயோர்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கர்களின் பேச்சை ஆராய்ந்தபோது படம் தலைகீழாகிவிட்டது. வாக்கியத்துக்குள்ளேயே இலக்கணம் உடையாமல் மாற்றுகிறவர்கள் இரண்டு மொழியிலும் கெட்டிக்காரர்கள். ஒரு மொழி சரியாக வராதவர்கள் வாக்கிய ஓரத்தில் ஒரு சின்னத் தொடரை ஒட்டுவதோடு நின்றுவிடுகிறார்கள். வெள்ளவத்தையில் இருக்கிற எவருக்கும் இது ஆய்வில்லாமலே தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர் வசனத்தின் கடைசியில் ஒரு ‘ஹரி’ (சரி) போடுவார், அவ்வளவுதான். இங்கேயே பிறந்தவள் ‘மீட்டிங் முடிஞ்சா கியன்ன (சொல்லுங்கோ), நான் கீழ வாறன்’ என்பாள், மொழிகளை ஒட்டிய தையல் கண்ணுக்கே தெரியாது.

சரி, என் சொல்: கைமாற்று. முழுவடிவம் ‘மொழிக் கைமாற்று’.

கைமாற்று என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை. மாதக்கடைசியில் ‘ஒரு ஆயிரம் ரூபா கைமாத்தாத் தாங்கோ, சம்பளத்துக்குத் தாறன்’. வட்டியில்லை, கடுதாசி இல்லை. தெரிந்தவரிடம் மட்டும் கேட்பது. கடனுக்கும் கைமாற்றுக்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் இங்கே எனக்கு வேண்டியது. பாண், அலுமாரி, கதிரை, யன்னல், சப்பாத்து எல்லாம் போர்த்துக்கேயரிடம் வாங்கிய கடன்; கந்தோர் ஒல்லாந்தரிடம். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் எங்களுக்கு இல்லை, கேட்டு வரவும் ஆளில்லை. மீன் சந்தையில் ஒரு மீனைச் சிங்களப் பெயரால் ‘தலபத்’ என்கிறோமே, அதுவும் இப்போது எங்கள் கடன்சொல்தான். ‘தலபத்தைத் துண்டாக்கித் தாங்கோ’ என்று வேற்றுமை உருபு ஏறிவிட்டது. ஆனால் அதே மீன்காரரிடம் சில்லறை குறைந்தபோது ‘கமக் நே (பரவாயில்லை), நாளைக்குத் தாறன்’ என்கிறேன். அந்தக் ‘கமக் நே’ அந்த நேரத்துக்கு எடுத்தது. உடனே திருப்பி வைத்துவிட்டேன். ‘கடன்சொல்’ ஏற்கெனவே நிலைத்த சொல். அதன் பக்கத்தில் ‘கைமாற்று’ இருந்தால் ஒன்று மற்றதை விளக்கும்.

கலைச்சொல் என்றால் கிளை விட வேண்டும், விட்டுப் பார்த்தேன். வாக்கிய இடைக் கைமாற்று, வாக்கிய உட்கைமாற்று. ஆய்வாளர்கள் புளொமும் கம்பர்சும் 1972இல் நோர்வேச் சிற்றூர் ஒன்றைப் பற்றி எழுதியதில் பிரித்துக் காட்டிய இரண்டு வகைக்கும் சூழற் கைமாற்று (ஆளோ இடமோ மாறுவதால் வருவது), உருவகக் கைமாற்று (சூழல் மாறாமலே பேச்சின் தொனி மாறுவது). அங்கே அலுவலகத்தில் குடும்ப நலம் கேட்பது ஊர் வழக்கில், அலுவல் பேசுவது பொது வழக்கில். இங்கே பிரதேச செயலகத்தில் படிவத்தைப் பற்றிச் சிங்களத்தில் கேட்டுக்கொண்டிருந்தவர், என் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ‘எங்கட பக்கமோ?’ என்று குரலைத் தணித்துத் தமிழுக்கு வந்ததும் அதே உருவக வகைதான்.

கிழித்துப் போட எல்லாருக்கும் உரிமை உண்டு.

வெள்ளவத்தையிலிருந்து

----

தம்பிக்கு,

சொல் நல்லாயிருக்கு. கிழிக்க வரேல்லை. ஆனால் ஒன்று கேட்கவேணும்.

நாங்கள் அந்தக் காலத்தில் பம்பலப்பிட்டியில் இருந்தனாங்கள். பஸ்ஸில் ஏறமுதல் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பன்: என்னை அம்மா எண்டு கூப்பிடலாம், அது ரெண்டு பாஷைக்கும் பொது. அப்பாவைக் கூப்பிடுறதெண்டால் ‘தாத்தா’ எண்டு கூப்பிடு. சிங்களத்தில் தாத்தா எண்டால் தகப்பன்தானே. பிள்ளைக்கு நாலு வயசு. இறங்கினாப்பிறகு கேட்பான், இனி அப்பா எண்டு சொல்லலாமோ எண்டு.

நீங்கள் கதிரை, அலுமாரி எண்டு போர்த்துக்கேயக் கடனைச் சிரிச்சு எழுதியிருக்கிறியள். சிங்களத்தில் வாளிக்கு ‘பால்திய’ (baldiya). அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான். கலவர நேரத்தில் வாளியைக் காட்டி இது என்ன எண்டு கேட்டு, முதல் எழுத்தை நாக்கு எப்படிச் சொல்லுது எண்டு பார்த்து ஆளைத் தீர்மானிச்ச கதையைக் கேட்காமல் எங்கட வயசில் கொழும்பில் ஒருத்தரும் வளரேல்லை.

இதையும் கைமாற்று எண்டு போடப் போறியளோ? கைமாற்று நாங்களாய்க் கேட்டு வாங்கிறது.

----

அக்காவுக்கு,

உங்கள் மடலை இரண்டு தரம் வாசித்தேன். செட்டியார் தெரு, மீன் சந்தை, பிரதேச செயலகம் என்று எனக்கு வசதியான உதாரணங்களை மட்டுமே எடுத்திருக்கிறேன். ‘குரலைத் தணித்து’ என்று நானே எழுதிவிட்டு, அவர் ஏன் தணித்தார் என்று யோசிக்கவில்லை.

பாடநூல்கள் என் உதாரணங்களையும் உங்களுடையதையும் ஒரே தலைப்பின்கீழ்தான் போடுகின்றன. நாங்களும் அப்படிப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் சொன்னதில் பிள்ளை ஒரு மொழியை எடுத்தான் என்பதைவிட ஒரு மொழியை ஒளித்தான் என்பதே சரி. ஆகவே பட்டியலில் இரண்டு பதிவுகளாக மாற்றியிருக்கிறேன்:

கைமாற்று (மொழிக் கைமாற்று): ஒரே பேச்சுக்குள், பேசுவோர் இருவரும் அறிந்த இன்னொரு மொழியைத் தேவைக்கு எடுத்துத் திரும்புதல். ஒப்பிடுக: கடன்சொல். வேறு: மொழிமாற்றம்.

மொழியொளிப்பு: தன் மொழி தெரிந்தால் தீங்கு வரும் என்ற அச்சத்தில் அதை மறைத்து இன்னொன்றைப் பேசுதல். உதாரணம்: பஸ்ஸில் அப்பாவைத் ‘தாத்தா’ என்றழைத்தல்.

உதாரணத்தைப் போடுவதற்கு உங்கள் சம்மதம் வேண்டும். ‘தாவல்’ நண்பர் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்; அவருடைய வாதத்தைப் பொதுவிலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.