திருப்பினால் தெரியுமே, எதற்கு மறைகோடு?

மறைகோடு:
பதினெட்டு வருடமாக இன்ஜினியரிங் கிராபிக்ஸ் எடுக்கிறேன். வி-பிளாக்கின் (மேலே V வடிவப் பள்ளம் உள்ள கட்டை) முன்தோற்றமும் மேல்தோற்றமும் கொடுத்துப் பக்கத்தோற்றம் கேட்டேன். திரையில் ஐந்து நிமிடத்தில் மாடல் செய்கிற பையன், தாளில் வெறும் செவ்வகம் போட்டு நீட்டினான். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரைந்து காட்டும் மறைகோடு அதில் இல்லை. "பள்ளத்தின் அடிக்கோடு எங்கேப்பா?" "திருப்பினால் தெரியுமே சார், அதை எதற்கு வரையணும்?" சொல்லும்போதே கை காற்றில் மவுஸை இழுத்தது. எங்கள் தலைமுறைக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது. மனக்கண் மங்கிவிட்டதா இவர்களுக்கு?

பழைய டிராஃப்டர்:
"எங்கள் தலைமுறை" பெருமையெல்லாம் வேண்டாம். நானும் டிராஃப்டரை (கோடு போடும் வரைகருவி) தோளில் மாட்டித் திரிந்தவன்தான். பாதித் தாள் கண்ணாடிக்கு அடியில் விளக்கு வைத்துப் படியெடுத்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மூன்றாம் கோண வரைபடத்தை முதல் கோணமாகப் படித்துத் தொலைத்தேன். தோற்றங்களைத் தாளில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் இரண்டு முறையும் நேர் எதிர். நாற்பது பிராக்கெட், நாற்பதிலும் துளை எதிர்ப்பக்கம். ஃபோர்மேன் ஒன்றை எடுத்துப்போய் முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்தார். "இப்ப சரியா இருக்கு" என்றார். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் குத்துகிறது. பையனுக்கு என் பதில் இதுதான்: இன்னும் செய்யாத பொருளை எப்படித் திருப்புவான்?

ஐந்தாம் செமஸ்டர்:
ஓர் உருவத்தை மனதிலேயே திருப்பிப் பார்க்கச் சொல்லும் பர்டூ சுழற்சித் தேர்வில் 30க்கு 12 வாங்கியவள் நான். இரண்டாம் கேள்விக்கே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். "கழுத்து சுளுக்கிக்கப் போகுது" என்றாள் பக்கத்தில் இருந்தவள். சின்ன வயதில் கட்டைகள் அண்ணனுக்கு, பொம்மை எனக்கு. நீங்கள் தலைமுறைக் கணக்குப் பார்க்கிறீர்கள்!

சோப்புக்கட்டி:
எனக்குக் கூம்பின் வெட்டுமுகம் பிடிபடவே இல்லை. சோப்பைச் சீவி வெட்டியதும் பிடிபட்டது. ஐந்தாம் செமஸ்டர், நீங்களும் செய்யுங்கள். கட்டைகளை அடுக்கி, நாலு மூலையிலிருந்தும் ஐசோமெட்ரிக் புள்ளித்தாளில் (மூன்று பக்கமும் தெரிய வரைவதற்கான புள்ளிகள் இட்ட தாள்) கையால் வரையுங்கள். அதுவரை மென்பொருளைத் திறக்காதீர்கள். மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் ஷெரில் சோர்பி 1993 முதல் இதற்கென்றே வகுப்பு நடத்தினார். தேர்வில் தடுமாறிய முதலாண்டு மாணவர்கள் தேறினார்கள். 2013இல் 217 ஆய்வுகளைத் தொகுத்தபோதும், பயிற்சியால் இந்தத் திறன் கூடும் என்றுதான் வந்தது. அப்புறம், மெதுவாகத் திருப்புவது குறையே இல்லை. கோணம் கூடக்கூட நேரமும் கூடும் என்று உளவியல் ஆய்வாளர்கள் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் 1971இலேயே காட்டிவிட்டார்கள். தினமும் அரைமணி நேரம் போதும்.

மறைகோடு:
சோப்புக்கட்டி, மருந்து யாரும் கேட்கவில்லை. பழைய டிராஃப்டர், உங்கள் பதிலை இன்று அவனிடம் சொன்னேன். "இப்ப மாடலையே நேரா மெஷினுக்கு அனுப்பிடலாமே சார்" என்கிறான்.