'செர்விதும்ப்ரே'க்கு ஏவற்குழாம் பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு வீட்டில் வேலை செய்வோரைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் 'செர்விதும்ப்ரே'. அதை மொழிபெயர்க்க 'வேலைக்காரர்கள்' போதும் என்று போன முறை நாம் பேசி முடித்துவிட்டோம். எனக்கு மனம் ஒப்பவில்லை. 'செர்விதும்ப்ரே' பன்மைச் சொல் அன்று. சமையல்காரி, தோட்டக்காரன், வண்டியோட்டி எல்லாரையும் சேர்த்து ஒருமையில் சொல்வார்கள். 'செர்விதும்ப்ரே தூங்கிவிட்டது' என்பதுபோல.

வேர், அடிமையைக் குறிக்கும் 'செர்வுஸ்' என்ற இலத்தீன் சொல். 'தும்ப்ரே' என்ற ஈறு ஏறக்குறைய நம் 'மை' விகுதிதான். ஆகவே கட்டுப்பட்டுக் கிடக்கும் நிலைக்கும் அதே பெயர், அந்த ஆட்களுக்கும் அதே பெயர். நமக்கு இது புதிதா என்ன? 'அடிமை' என்பதும் நிலையும்தான், ஆளும்தான். அமைப்பில் இவ்வளவு நெருங்கிய சொல் வேறில்லை. ஆனால் மாதச் சம்பளம் வாங்கும் சமையல்காரியை அடிமை என்று எழுதக் கை வராது. அடிமைத்தொண்டைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'தொழும்பு' என்றாலும் அதே நெடி. 'பரிசனம்' பணியாளர் கூட்டத்தைக் குறிக்கிறது, சரி. அரண்மனை வாசனை போகவில்லை.

சட்டத்தில் இதே சொல்லுக்கு வேறு பொருள். ஒருவர் நிலம் இன்னொருவர் நிலத்துக்கு வழிவிட்டு 'ஊழியம்' செய்தால் அது 'செர்விதும்ப்ரே தே பாசோ'. பழகாத காலத்தில் இதை 'நடந்துபோகும் வேலையாட்கள்' என்று மொழிபெயர்த்து மாட்டிக்கொண்டேன். நம் கிரயப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்று காலங்காலமாக இருக்கிறது, புதுச்சொல் வேண்டாம்.

வீட்டு வேலையாட்களுக்கு என் பரிந்துரை 'ஏவற்குழாம்', அதாவது ஏவல் செய்வோர் கூட்டம். கொஞ்சம் இடறும், ஆனால் ஒருமை கெடாது. பழைய பெரிய வீட்டுக் கதைகளுக்கு மட்டும். உரையாடலில் 'வேலையாட்கள்' என்றே விடலாம்.

இன்றைய செய்திகளில் இது ஆகாது. மெக்சிகோ 2019இல் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது 'வீட்டைச் சார்ந்த' என்று பொருள்படும் 'தொமெஸ்திகோ' என்பதைக்கூட நீக்கிவிட்டு, வீட்டில் உழைப்பவர் என்ற பொருளில் 'த்ரபஹதோரா தெல் ஓகார்' வகையைக் கொண்டுவந்தது. வளர்ப்பு விலங்குக்கும் 'தொமெஸ்திகோ'தானே! இதற்குத் தமிழ்நாட்டு நலவாரியப் பெயரில் உள்ள 'வீட்டுப் பணியாளர்' அப்படியே பொருந்தும்.

அப்புறம், வேலைக்காரியைக் குறிக்கும் 'கிரியாதா' என்ற ஸ்பானியச் சொல்லை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். 'வளர்த்தல்' என்ற வினையிலிருந்து வந்தது. வீட்டில் வளர்ந்தவள் வேலைக்காரி ஆகிவிட்டாள். 'வளர்ப்பு' என்று போட்டால் நம் ஊரில் அவள் மகளாகிவிடுவாள்.